யோகான் கிறிஸ்டோப் பிரீட்ரிக் கூட்ஸ்மூட்ஸ்

யோகான் கிறிஸ்டோப் பிரீட்ரிக் கூட்ஸ்மூட்ஸ் (ஆகஸ்ட் 9, 1759 - மே 21, 1839) ஜெர்மனியைச் சேர்ந்த ஆசிரியரும் கல்வியியலாளரும் நூலாசிரியரும் ஆவார். உடற்பயிற்சியை, பள்ளியில் நாள்தோறும் நடைபெற வேண்டிய, முறைப்படி கற்பிக்கத்தக்க ஒரு பாடமாக வகுத்தவர்களுள் இவர் முதன்மையானவர். துரிங்கியாவின் ஷ்னெப்பெந்தால் என்னும் சிற்றூரில் இருந்த உறைவிடப் பள்ளி ஒன்றில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு பணியாற்றிய இவர், 1793 ஆம் ஆண்டில் வெளியிட்ட "இளைஞருக்கான சீருடற்பயிற்சி" என்னும் நூலால் ஐரோப்பா முழுவதும் அறியப்பட்டார். டென்மார்க், சுவீடன் முதலிய நாடுகளின் தொடக்கப் பள்ளிகளில் உடற்கல்வி இடம்பெற்றதற்கு இந்நூல் ஒரு முக்கிய தூண்டுதலாக அமைந்தது. விளையாட்டுகள், நீச்சல், கைத்தொழில், புவியியல் ஆகிய துறைகளிலும் இவர் நூல்கள் எழுதியுள்ளார்.

காலப் பின்னணி

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பள்ளி என்பது பெரும்பாலும் அமர்ந்து மனப்பாடம் செய்யும் இடமாகவே இருந்தது. இலத்தீனும் சமயப் பாடமும் பாடவேளையின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. பிரபுக்களின் பிள்ளைகளுக்கு மட்டும் வாள்வீச்சு, குதிரையேற்றம், நடனம் ஆகியவை தனி ஆசிரியர்களால் கற்பிக்கப்பட்டன. அவை உடல் நலத்திற்காகக் கற்பிக்கப்பட்டவை அல்ல. உயர்குடிப் பிறப்பின் அடையாளங்களாகவே கருதப்பட்டன. ஏனைய பிள்ளைகளின் ஓட்டமும் ஆட்டமும் பள்ளிக்கு வெளியே நிகழ்பவை என்றும், படிப்புக்கு இடையூறானவை என்றும் எண்ணப்பட்டன.

இந்த நிலைக்கு எதிரான கருத்துகளும் அக்காலத்தில் எழுந்தன. ஆங்கிலேய மெய்யியலாளர் யோன் லொக் 1693 இல் வெளியிட்ட கல்வி பற்றிய நூலைக் குழந்தையின் உடல்நலத்திலிருந்தே தொடங்கினார். பிரெஞ்சு மொழியில் எழுதிய ரூசோ, 1762 இல் வெளியான "எமிலி" என்னும் நூலில், உடலையும் புலன்களையும் பழக்கிய பின்னரே அறிவைப் பழக்க இயலும் என்று வாதிட்டார். இக்கருத்துகளைப் பள்ளியில் நடைமுறைப்படுத்த முனைந்தவர் யோகான் பெர்ன்ஹார்ட் பாசெடோ ஆவார். இவர் 1774 இல் டெசௌ நகரில் பிலாந்திரோபினம் என்னும் பள்ளியைத் தொடங்கினார். மனிதநேயப் பள்ளி என்பது இப்பெயரின் பொருளாகும். அங்கு ஓடுதல், தாண்டுதல், ஏறுதல், சமநிலை காத்தல், சுமை தூக்கிச் செல்லுதல் ஆகிய பயிற்சிகள் மாணவர்களுக்கு அளிக்கப்பட்டன. எனினும் பாசெடோவின் பள்ளி உட்பூசல்களால் நலிவுற்று 1793 இல் மூடப்பட்டது. அங்கு முளைவிட்ட உடற்கல்வி முயற்சி நிலைபெற்றது, அதன் ஆசிரியர்களுள் ஒருவர் தொடங்கிய வேறொரு பள்ளியில்தான்.

இளமையும் கல்வியும்

கூட்ஸ்மூட்ஸ், ஹார்ஸ் மலைத்தொடரின் அருகிலுள்ள குவெட்லின்பர்க் நகரில் 1759 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9 ஆம் நாள் பிறந்தார். இவருடைய தந்தை தோல் பதனிடும் தொழிலைச் செய்தவர். தந்தை இளமையிலேயே இறந்துவிட்டதால், பள்ளியில் பயிலும்போதே பிறருடைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பொருள் ஈட்ட வேண்டிய நிலை இவருக்கு ஏற்பட்டது. அவ்வூர் மருத்துவர் ரிட்டரின் இல்லத்தில் இவர் வீட்டாசிரியராக அமர்ந்தார்.

1779 இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் பயிலச் சேர்ந்தார். இறையியலுடன் கணிதம், இயற்பியல், வரலாறு, மொழிகள் ஆகியவற்றிலும் ஆர்வம் காட்டினார். அதே ஆண்டில்தான் ஹாலேயில் கல்வியியலுக்கெனப் பேராசிரியர் பதவி ஏற்படுத்தப்பட்டது. அப்பதவியில் அமர்ந்த எர்ன்ஸ்ட் கிறிஸ்டியான் டிராப், முன்னர் டெசௌ பள்ளியில் பணியாற்றியவர். இவ்வாறு புதிய கல்விக் கருத்துகள் பேசப்பட்ட சூழலில் கூட்ஸ்மூட்ஸ் தம் பல்கலைக்கழக ஆண்டுகளைக் கழித்தார். 1782 இல் படிப்பை முடித்து, மீண்டும் ரிட்டர் குடும்பத்தின் வீட்டாசிரியராகத் தம் ஊருக்குத் திரும்பினார்.

1784 இல் மருத்துவர் ரிட்டர் இறந்தார். கைம்பெண்ணான தாயும் பல பிள்ளைகளும் வறுமையில் விடப்பட்டனர். அப்போது ஷ்னெப்பெந்தாலில் புதிதாகப் பள்ளி தொடங்கியிருந்த கிறிஸ்டியான் கோட்ஹில்ஃப் சால்ஸ்மான், ரிட்டரின் மகன்களுள் ஒருவனான கார்லைத் தம் பள்ளியில் சேர்த்துக்கொள்ள இசைந்தார். 1785 இல் கூட்ஸ்மூட்ஸ் அச்சிறுவனை அழைத்துக்கொண்டு ஷ்னெப்பெந்தால் சென்றார். மாணவனை விட்டு வரச் சென்ற அவரைச் சால்ஸ்மான் ஆசிரியராக அமர்த்திக்கொண்டார். அதன் பின்னர் தம் வாழ்நாளில் அவர் வேறு எங்கும் பணியாற்றவில்லை.

ஷ்னெப்பெந்தால் பள்ளி

சால்ஸ்மான் (1744 - 1811) டெசௌ பள்ளியில் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர். நகரத்தின் இரைச்சலும் ஆசிரியர்களின் பூசலும் இல்லாத இடத்தில் பள்ளி அமைய வேண்டும் என்று விரும்பிய அவர், கோத்தா சிற்றரசரான இரண்டாம் எர்ன்ஸ்டின் ஆதரவுடன், துரிங்கியக் காட்டின் ஓரத்தில் ஒரு பண்ணை நிலத்தை வாங்கி 1784 இல் தம் பள்ளியைத் தொடங்கினார். மாணவர்களும் ஆசிரியர்களும் ஒரே குடும்பம் போல் அங்கு வாழ்ந்தனர். மாணவர் எண்ணிக்கை மிகக் குறைவாகவே இருந்தது.

பள்ளியின் அன்றாட வாழ்க்கை முழுவதும் உடலியக்கத்தை ஒட்டி அமைக்கப்பட்டிருந்தது. எளிய உணவும் இறுக்கமில்லாத உடையும் வழக்கமாக இருந்தன. மாணவர்கள் தமக்கென ஒதுக்கப்பட்ட தோட்டப் பாத்திகளில் பயிரிட்டனர். தச்சு வேலை முதலிய கைத்தொழில்களைக் கற்றனர். காடுகளிலும் மலைகளிலும் நடந்து சென்று செடிகொடிகளையும் கற்களையும் திரட்டினர். தொலைவிலுள்ள ஊர்களுக்கு ஆசிரியர்களுடன் கால்நடையாகப் பயணம் செய்தனர். இப்பயணங்களைப் பற்றிச் சால்ஸ்மான் தொடர்ச்சியாக நூல்கள் வெளியிட்டார். மொழிப் பாடமும் கணக்கும் புறக்கணிக்கப்படவில்லை. ஆனால் அவற்றுக்கிடையே உடல் அசைய இடம் இருந்தது.

பள்ளியில் உடற்பயிற்சிகளை முதலில் நடத்தியவர் கிறிஸ்டியான் கார்ல் ஆந்திரே என்னும் ஆசிரியர் ஆவார். 1786 இல் இப்பொறுப்பு கூட்ஸ்மூட்ஸிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 27. டெசௌவிலிருந்து வந்த சில பயிற்சிகளைத் தவிர, பின்பற்றத்தக்க பாடத்திட்டமோ நூலோ அவர் கையில் இல்லை. பண்டைய கிரேக்கர்களின் பயிற்சிகளைப் பற்றிய எழுத்துகள், பயணிகளின் குறிப்புகள், மருத்துவர்களின் நூல்கள் ஆகியவற்றைத் தேடிப் படித்தார். படித்தவற்றைத் திடலில் மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தார். பயன் தந்தவற்றை வைத்துக்கொண்டு ஏனையவற்றைக் கைவிட்டார்.

பயிற்சித் திடல்

பள்ளிக்கு அருகே மரங்கள் சூழ்ந்த ஒரு வெளியில் பயிற்சித் திடல் அமைக்கப்பட்டது. கருவிகள் எளியவை. ஊர்த் தச்சர் செய்யக்கூடிய கம்பங்களும், கயிறுகளும், கட்டைகளுமே அவற்றில் பெரும்பாலானவை.

உயரம் தாண்டுவதற்கு, துளைகளிட்ட இரண்டு கம்பங்கள் நடப்பட்டு அவற்றிற்கு இடையே கயிறு தொங்கவிடப்பட்டது. மாணவனின் திறனுக்கு ஏற்பக் கயிற்றின் உயரத்தை மாற்ற முடிந்தது. கால் தட்டினால் கயிறு விழுந்துவிடும் என்பதால் காயம் ஏற்படவில்லை. நீளம் தாண்டுவதற்கு, ஒரு முனையில் குறுகியும் மறுமுனையை நோக்கிப் படிப்படியாக அகன்றும் செல்லும் பள்ளம் தோண்டப்பட்டது. சிறியவன் குறுகிய இடத்திலும், பெரியவன் அகன்ற இடத்திலும் தாண்டலாம். ஒரே நேரத்தில் வெவ்வேறு வயதினர் ஒரே கருவியில் பயில இது உதவியது. கோலூன்றித் தாண்டுதல், கம்பம் ஏறுதல், கயிறு ஏறுதல், நூலேணி ஏறுதல், கிடைமரத்தின் மீது விழாமல் நடத்தல், எறிதல், சுமை தூக்குதல், மல்யுத்தம், ஓட்டம் ஆகியவையும் நடைபெற்றன.

இவற்றை விளையாட்டுப் போக்கில் விட்டுவிடாமல், ஒவ்வொரு மாணவனும் எவ்வளவு உயரம் தாண்டினான், எவ்வளவு தொலைவு எறிந்தான் என்பனவற்றை அளந்து குறித்து வைத்தார் கூட்ஸ்மூட்ஸ். ஒரு மாணவனை மற்றொருவனுடன் ஒப்பிடுவதைக் காட்டிலும், அவனுடைய முந்தைய நிலையிலிருந்து அவன் எவ்வளவு முன்னேறியுள்ளான் என்பதை அறிய இக்குறிப்புகள் பயன்பட்டன. வலிமை குன்றிய பிள்ளையை வலியவனுக்குரிய பயிற்சியில் தள்ளுவது தீங்கானது என்பது அவருடைய உறுதியான கருத்தாகும்.

"இளைஞருக்கான சீருடற்பயிற்சி"

ஏழு ஆண்டுகள் நடத்திய பயிற்சிகளின் விளைவாக 1793 இல் இந்நூல் வெளிவந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கான உடற்கல்வியை முறையாக விளக்கிய முதல் நூல்களுள் ஒன்றாக இது மதிக்கப்படுகிறது.

நூலின் முற்பகுதி, உடற்பயிற்சி ஏன் தேவை என்பதை விளக்குகிறது. நாகரிக வாழ்க்கை மனித உடலைத் தளரச் செய்துவிட்டது என்றும், பள்ளிகள் அறிவை மட்டும் வளர்த்து உடலைக் கைவிட்டதால் இத்தளர்ச்சி மேலும் பெருகுகிறது என்றும் கூட்ஸ்மூட்ஸ் வாதிட்டார். உடலின் நலிவு மனத்தையும் நலியச் செய்யும் என்பதால், உடலைப் பேணாத பள்ளி தன் முதன்மைப் பணியிலேயே தவறுகிறது என்பது அவர் கருத்து. பொதுச் சுகாதாரம் பற்றி விரிவாக எழுதிய மருத்துவர் யோகான் பீட்டர் பிராங்க் போன்றோரின் கருத்துகளும் அவருக்குத் துணை நின்றன. உடற்பயிற்சி பிள்ளைகளை முரடர்களாக்கிவிடும், ஆபத்தை விளைவிக்கும், படிக்கும் நேரத்தை வீணாக்கும் என்று அக்காலப் பெற்றோரும் ஆசிரியரும் எழுப்பிய எதிர்ப்புகளுக்கு அவர் ஒவ்வொன்றாக விடையளித்தார்.

நூலின் பிற்பகுதி பயிற்சிகளை விளக்குகிறது. உடலை இயக்கும் செயல்களை அவர் மூன்றாகப் பிரித்தார்: முறைப்படுத்தப்பட்ட பயிற்சிகள், கைத்தொழில்கள், கூட்டு விளையாட்டுகள். ஓட்டம், தாண்டுதல் போன்ற பயிற்சிகளுடன், உரக்கப் படித்தலும் பேசுதலும் நுரையீரலுக்கும் குரலுக்குமான பயிற்சிகளாகச் சேர்க்கப்பட்டன. புலன்களுக்கான பயிற்சிகளும் இடம்பெற்றன. கண்களைக் கட்டிக்கொண்டு தொட்டுணர்ந்து பொருள்களை அறிதல், தொலைவையும் எடையையும் மதிப்பிடுதல் போன்றவை இவற்றுள் அடங்கும். பிற்காலத்தில் தொடக்கப் பள்ளிகளில் புலன் பயிற்சி பெற்ற முக்கியத்துவத்தை நோக்கும்போது இப்பகுதி கவனிக்கத்தக்கது.

பயிற்சி உழைப்பாகவும் இருக்க வேண்டும், பிள்ளைக்கு மகிழ்ச்சி தருவதாகவும் இருக்க வேண்டும் என்பது நூல் முழுவதும் காணப்படும் கொள்கையாகும். மகிழ்ச்சியற்ற பயிற்சி நீடிக்காது. உழைப்பற்ற ஆட்டம் உடலை வளர்க்காது. இவ்விரண்டையும் இணைப்பதே ஆசிரியரின் திறமை என்று அவர் கருதினார்.

இந்நூலின் திருத்திய இரண்டாம் பதிப்பு 1804 இல் வெளிவந்தது. இதனிடையே 1799 இல் டேனிய மொழியிலும், 1800 இல் ஆங்கிலத்திலும், 1803 இல் பிரெஞ்சு மொழியிலும் இது வெளியாகியிருந்தது. இலண்டனில் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பின் முகப்பில் நூலாசிரியராகச் சால்ஸ்மானின் பெயரே தவறாக அச்சிடப்பட்டது. இதனால் ஆங்கில வாசகர்களிடையே கூட்ஸ்மூட்ஸின் பெயர் நீண்டகாலம் அறியப்படாமல் போயிற்று.

விளையாட்டுகள் பற்றிய ஆய்வு

1796 இல் உடலுக்கும் மனத்துக்கும் பயிற்சியும் ஓய்வும் தரும் விளையாட்டுகளைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் இதில் விளக்கப்பட்டுள்ளன. விளையாட்டுகளை அகர வரிசையிலோ கருவிகளின் அடிப்படையிலோ தொகுக்காமல், அவை பிள்ளையின் எந்தத் திறனை வளர்க்கின்றன என்பதன் அடிப்படையில் அவர் வகைப்படுத்தினார். ஓடியாடும் விளையாட்டுகள், அமர்ந்தாடும் விளையாட்டுகள் என்ற பிரிவுக்குள், கவனம், நினைவாற்றல், கற்பனை, ஆராய்ந்தறிதல் முதலியவற்றை வளர்ப்பவை தனித்தனியே தரப்பட்டுள்ளன. எந்த வகுப்புக்கு எந்த விளையாட்டு ஏற்றது என்று ஓர் ஆசிரியர் தேர்ந்தெடுக்க இம்முறை வழிசெய்தது.

ஒரு மக்களின் விளையாட்டுகளிலிருந்து அவர்களுடைய இயல்பை அறியலாம் என்றும் அவர் எழுதினார். இந்நூலில் ஆங்கிலேயரின் பேஸ்பால் என்ற பெயரில் ஒரு பந்தாட்டமும் விவரிக்கப்பட்டுள்ளது. பேஸ்பால் ஆட்டத்தின் விதிகளைக் கூறும் மிகப் பழைய அச்சுப் பதிவுகளுள் ஒன்று என்பதால், அவ்விளையாட்டு அமெரிக்காவில் 1839 இல் தோன்றியது என்னும் கதையை மறுப்பதற்கு வரலாற்றாய்வாளர்கள் இப்பகுதியைச் சான்றாகக் காட்டுகின்றனர்.

நீச்சல் கற்பித்தல்

அக்காலத்தில் ஆறுகளிலும் குளங்களிலும் மூழ்கி உயிரிழப்போர் பலராக இருந்தனர். ஆயினும் நீச்சல் ஆபத்தானது என்று கருதிப் பல பள்ளிகள் மாணவர்களை நீரருகே செல்ல விடவில்லை. நீந்தத் தெரியாமையே மூழ்குவதற்குக் காரணம் என்பதால், தடை செய்வதற்கு மாறாகக் கற்பிப்பதே தீர்வு என்று கூட்ஸ்மூட்ஸ் கூறினார். 1798 இல் தாமே கற்றுக்கொள்ள விரும்புவோருக்காக நீச்சல் பற்றிய சிறு பாடநூல் ஒன்றை எழுதினார்.

கற்பித்தலை அவர் மூன்று படிகளாக அமைத்தார். முதலில் பிள்ளையைத் தண்ணீருக்குப் பழக்கி அச்சத்தைப் போக்க வேண்டும். அடுத்து, கை கால் அசைவுகளைத் தரையிலும், கம்பத்திலிருந்து தொங்கும் கயிற்றுப் பட்டையின் துணையுடனும் பழக்க வேண்டும். இறுதியில் நீரில் தானே நீந்தச் செய்ய வேண்டும். தண்ணீருக்குப் பழகுவதையே முதல் பாடமாகக் கொள்ளும் வழக்கம் இன்றைய நீச்சல் வகுப்புகளிலும் காணப்படுகிறது.

புவியியல் ஆசிரியர்

கூட்ஸ்மூட்ஸ் உடற்பயிற்சி ஆசிரியர் மட்டும் அல்லர். புவியியலும் அவர் நடத்திய பாடங்களுள் ஒன்றாகும். நாடுகளின் பெயர்களையும் தலைநகரங்களையும் மனப்பாடம் செய்விக்காமல், பள்ளியைச் சுற்றியுள்ள நிலத்தை நடந்து பார்த்து அறிவதிலிருந்து அவர் பாடத்தைத் தொடங்கினார். குன்று, ஓடை, காடு, வயல் ஆகியவற்றை நேரில் கண்ட மாணவன் அவற்றை வரைபடத்தில் அடையாளம் காணக் கற்றான். அதன் பின்னரே தொலைதூர நாடுகள் அறிமுகமாயின. நடைப்பயணமும் பாடமும் இங்கு ஒன்றாயின.

அவருடன் பள்ளிக்கு வந்த சிறுவன் கார்ல் ரிட்டர் (1779 - 1859) பிற்காலத்தில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் புவியியல் பேராசிரியரானார். அலெக்சாண்டர் வொன் ஹம்போல்ட்டுடன் இவரும் நவீன புவியியலின் நிறுவனர்களுள் ஒருவராகப் போற்றப்படுகிறார். இயற்கை நிலத்திற்கும் மனித வாழ்வுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த அவருடைய அணுகுமுறையின் தொடக்கம் ஷ்னெப்பெந்தால் நடைப்பயணங்களில் இருந்தது எனலாம்.

1800 முதல் 1820 வரை கல்வியியல் நூல்களை மதிப்பிடும் இதழ் ஒன்றையும் கூட்ஸ்மூட்ஸ் நடத்தினார். ஜெர்மன் நாடுகளில் நடைபெற்ற கல்வி முயற்சிகளை ஆசிரியர்கள் அறிந்துகொள்ள இவ்விதழ் உதவியது.

சமகாலத்தவர்கள்

டெசௌவில் ஆசிரியராக இருந்த கெர்ஹார்ட் வீத் (1763 - 1836), 1794 முதல் உடற்பயிற்சிகளின் கலைக்களஞ்சியம் ஒன்றைப் பல பகுதிகளாக வெளியிட்டார். சுவிட்சர்லாந்தில் பெஸ்டலோசி 1807 இல் உடற்கல்வி பற்றி எழுதினார். பெஸ்டலோசியின் முறை, உடலின் மூட்டுகள் ஒவ்வொன்றும் எவ்வாறு அசையக்கூடும் என்பதிலிருந்து தொடங்கி எளிய அசைவுகளைப் படிப்படியாகக் கட்டமைத்தது. கூட்ஸ்மூட்ஸின் முறையோ ஓடுதல், தாண்டுதல், ஏறுதல் எனப் பிள்ளை இயல்பாகச் செய்யும் முழுச் செயல்களிலிருந்து தொடங்கியது. பள்ளி உடற்கல்வியில் இவ்விரு போக்குகளும் பின்னரும் தொடர்ந்தன.

பிற நாடுகளில் தாக்கம்

ஷ்னெப்பெந்தால் பள்ளி கட்டணம் செலுத்த இயன்ற குடும்பங்களின் ஆண் பிள்ளைகளுக்கானது. அங்கு நடைபெற்றது ஊரார் பிள்ளைகள் அனைவருக்கும் பொருந்துமா என்ற கேள்விக்கு முதலில் விடை தந்த நாடு டென்மார்க் ஆகும்.

கோபன்ஹேகனில் இறையியல் பயின்ற பிரான்ஸ் நாக்டெகால் (1777 - 1847), கூட்ஸ்மூட்ஸின் நூலைப் படித்து ஈர்க்கப்பட்டு, 1799 இல் அந்நகரில் தனியார் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றைத் திறந்தார். 1804 இல் இராணுவத்தினருக்கான சீருடற்பயிற்சி நிறுவனம் அவருடைய தலைமையில் தொடங்கப்பட்டது. பொதுப் பள்ளி ஆசிரியர்களுக்கும் பின்னர் பயிற்சி அளிக்கப்பட்டது. 1814 இல் டென்மார்க்கில் இயற்றப்பட்ட பள்ளிச் சட்டம், இயன்ற இடங்களில் தொடக்கப் பள்ளிச் சிறுவர்களுக்கு உடற்பயிற்சி கற்பிக்கப்பட வேண்டும் என்று கூறியது. 1828 இல் இது கட்டாயமாக்கப்பட்டது. அதே ஆண்டில் கிராமப் பள்ளிகளும் நகரப் பள்ளிகளும் பயன்படுத்துவதற்கான கையேட்டை நாக்டெகால் வெளியிட்டார். உழவர்களின் பிள்ளைகளும் இவ்வாறு உடற்கல்வி பெற்றனர். எனினும் இதற்கு அரசு காட்டிய ஆர்வத்தில், வருங்காலப் படைவீரர்களைப் பெறும் நோக்கமும் கலந்திருந்தது.

சுவீடனைச் சேர்ந்த பெர் ஹென்றிக் லிங் (1776 - 1839) கோபன்ஹேகனில் தங்கியிருந்தபோது நாக்டெகாலின் கூடத்தில் பயின்றார். நாடு திரும்பிய அவர் 1813 இல் ஸ்டாக்ஹோமில் அரச மத்திய சீருடற்பயிற்சி நிறுவனத்தை அமைத்தார். உடற்கூற்றியலை அடிப்படையாகக் கொண்டு, பெரிய கருவிகள் இல்லாமலும் செய்யக்கூடிய பயிற்சிகளை அவரும் அவருடைய மாணவர்களும் வகுத்தனர். 1842 இல் சுவீடனின் தொடக்கக் கல்விச் சட்டத்தில் சீருடற்பயிற்சியும் இடம்பெற்றது. இந்நிறுவனத்தில் பயின்ற மார்ட்டினா பெர்க்மன் 1881 இல் இலண்டன் பள்ளி வாரியத்தில் பொறுப்பேற்று, தொடக்கப் பள்ளி ஆசிரியைகளுக்குச் சுவீடிய முறையில் பயிற்சி அளித்தார். 1909 இல் இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளுக்காக வெளியிடப்பட்ட உடற்பயிற்சிப் பாடத்திட்டமும் சுவீடிய முறையையே தழுவியது. ஷ்னெப்பெந்தாலில் தொடங்கிய எண்ணம், வடிவம் பல மாறினாலும், ஒரு நூற்றாண்டு கடந்து ஏழைப் பிள்ளைகளின் வகுப்பறைகளையும் பெண் பிள்ளைகளையும் சென்றடைந்தது.

யாஹ்னும் தேசிய இயக்கமும்

ஜெர்மனியில் உடற்பயிற்சி வேறு திசையில் சென்றது. 1806 இல் நெப்போலியனிடம் பிரசியா தோல்வியுற்றது. அதற்கு அடுத்த ஆண்டு பிரீட்ரிக் லுட்விக் யாஹ்ன் (1778 - 1852) ஷ்னெப்பெந்தாலுக்கு வந்து பயிற்சிகளைக் கண்டார். 1811 இல் அவர் பெர்லினுக்கு வெளியே ஹாசன்ஹைட என்னும் இடத்தில் பொதுத் திடல் ஒன்றைத் திறந்தார். இணைகம்பிகள் போன்ற கருவிகள் யாஹ்னின் திடலில் அறிமுகமாயின. கிரேக்கச் சொல்லான ஜிம்னாஸ்டிக் என்பதைத் தவிர்த்து, டூர்னென் என்ற ஜெர்மன் சொல்லை அவர் வழங்கினார். அந்நியரிடமிருந்து நாட்டை விடுவிக்கும் இளைஞர்களை உருவாக்குவதே யாஹ்னின் முதன்மை நோக்கம்.

கூட்ஸ்மூட்ஸின் அடிப்படை இதிலிருந்து வேறுபட்டது. அவருக்கு உடற்பயிற்சி என்பது பிள்ளையின் முழுமையான வளர்ச்சிக்கானது. ஆயினும் காலத்தின் போக்கு அவரையும் தொட்டது. 1817 இல் அவர் வெளியிட்ட நூல் தாய்நாட்டின் மைந்தர்களுக்கு உரியது என்ற தலைப்பைத் தாங்கியது. யாஹ்ன் வழங்கிய சொல்லையே அது பயன்படுத்தியது. படைப்பயிற்சிக்கு முந்தைய பயிற்சிகளுக்கும் அதில் இடம் இருந்தது.

அரசியலுடன் இணைந்ததன் விளைவு விரைவில் தெரிந்தது. 1819 இல் யாஹ்ன் கைது செய்யப்பட்டார். 1820 இல் பிரசியாவில் பொதுத் திடல்கள் மூடப்பட்டன. 1842 இல்தான் இத்தடை நீங்கி, ஆண் பிள்ளைகளின் கல்வியில் உடற்பயிற்சி ஒரு பகுதியாக ஏற்கப்பட்டது. அதன் பின்னர் அடோல்ப் ஸ்பீஸ் (1810 - 1858), முழு வகுப்பும் ஒரே நேரத்தில் செய்யத்தக்க பயிற்சிகளை வகுத்து, பள்ளி நேரத்திற்குள்ளும் பள்ளிக் கட்டடத்திற்குள்ளும் உடற்கல்வியை மீண்டும் கொண்டுவந்தார். பெண் பிள்ளைகளுக்கான பயிற்சிகளையும் அவர் உருவாக்கினார்.

விமர்சனங்கள்

கூட்ஸ்மூட்ஸின் பணிக்கு எல்லைகளும் இருந்தன. அவருடைய திடல் ஆண் பிள்ளைகளுக்காகவே அமைந்தது. ஒரு சில மாணவர்களை நெருங்கிக் கவனிக்கும் வசதியுள்ள பள்ளியில் உருவான முறையை, ஓர் ஆசிரியர் பல பிள்ளைகளைக் கவனிக்கும் ஊர்ப் பள்ளியில் அப்படியே பின்பற்றுவது எளிதாக இருக்கவில்லை. ஒவ்வொருவரையும் அளந்து பதிவு செய்யும் வழக்கம், பிற்காலத்தில் பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் போட்டியிட வைக்கும் போக்குக்கும் இடமளித்தது என்று கூறுவோர் உண்டு. நாகரிகம் மனிதரைத் தளரச் செய்தது என்னும் அவருடைய வாதம், பண்டைய மக்களைப் பற்றிய மிகைப்படுத்தப்பட்ட கற்பனைகளையும் சார்ந்திருந்தது.

இருப்பினும், உடற்பயிற்சி நேரத்தை ஓய்வு நேரத்தின் மிச்சமாக விடாமல் பாடத்திட்டத்தில் நாள்தோறும் ஒதுக்க வேண்டும், அதனைக் கற்பிக்கப் பயின்ற ஆசிரியர் வேண்டும், பயிற்சி பிள்ளையின் திறனுக்கு ஏற்ப அமைய வேண்டும் என்ற அவருடைய மூன்று கோட்பாடுகளும் பள்ளி உடற்கல்வியின் அடிப்படையாகத் தொடர்கின்றன.

இறுதிக் காலம்

கூட்ஸ்மூட்ஸ் 1797 இல் திருமணம் செய்துகொண்டார். பள்ளிக்கு அருகிலுள்ள இபன்ஹைன் என்னும் ஊரில் குடியேறி, அங்கிருந்தே பள்ளிக்குச் சென்று பாடம் நடத்தினார். 1811 இல் சால்ஸ்மான் இறந்த பின்னரும் பள்ளியை விட்டு விலகவில்லை. முதுமை வரை திடலில் மாணவர்களுடன் இருந்தார். 1839 ஆம் ஆண்டு மே 21 ஆம் நாள், தம் 79 ஆவது வயதில் இபன்ஹைனில் காலமானார்.

நினைவுச் சின்னங்கள்

பிறந்த ஊரான குவெட்லின்பர்க்கில் 1904 இல் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. சிறுவன் கார்ல் ரிட்டருடன் அவர் நிற்பதாக அச்சிலை அமைந்துள்ளது. அந்நகரின் மேல்நிலைப் பள்ளி ஒன்றும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. துரிங்கியக் காட்டின் ரென்ஸ்டைக் மலைப் பாதையில் 1973 இல் தொடங்கிய நெடுந்தொலைவு ஓட்டப் போட்டி அவர் பெயரால் நடத்தப்பட்டு வருகிறது. ஷ்னெப்பெந்தால் பள்ளி சால்ஸ்மானின் பெயருடன் இன்றும் இயங்குகிறது. அதன் அருகே பழைய பயிற்சித் திடல் நினைவிடமாகப் பேணப்படுகிறது.

எழுதிய நூல்களுள் சில

இளைஞருக்கான சீருடற்பயிற்சி (1793; திருத்திய பதிப்பு 1804)
உடலுக்கும் மனத்துக்கும் பயிற்சியும் ஓய்வும் தரும் விளையாட்டுகள் (1796)
தாமே கற்பதற்கான நீச்சற்கலைச் சிறு பாடநூல் (1798)
இளைஞருக்கும் ஆண்களுக்கும் ஏற்ற கைத்தொழில்கள் பற்றிய நூல் (1801)
தாய்நாட்டின் மைந்தர்களுக்கான உடற்பயிற்சி நூல் (1817)
உடற்பயிற்சிக் கலை வினாவிடை (1818)